திருநீறு பூசிய டாங்க்

"கார் செத்துப்போச்சு மேடம்" என்றான் கோகுல்.

"அதை ஏன் இவ்வளவு சந்தோஷமா சொல்ற?"

"புதுசு வாங்குங்கன்னு ரெண்டு வருஷமா நான் சொல்றேன். இன்னிக்குத்தான் கார் என் கட்சிக்கு வந்திருக்கு."

சுரேகா இறங்கினாள். ஆக்லாந்தில் தமிழ் பேசும் ஒரே தனியார் துப்பறிவாளர் என்று அவளுடைய விசிட்டிங் கார்டு சொன்னது. அந்த கார்டின் மூலையில்கூடத் தன் பெயர் இல்லை என்பது கோகுலுக்குத் தீராத எரிச்சல். சென்னையில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்து, பாயின்ட் கணக்கில் விசா வாங்கி வந்து, வேலை தருவார் இல்லாமல் டாக்சி ஓட்டி, கடைசியில் சுரேகாவிடம் உதவியாளனாகச் சேர்ந்தவன். ஒரு இன்ஜினியர் ஓட்டுகிற கார் நடுவழியில் நிற்கலாமா என்று யாரும் கேட்டுவிடக் கூடாதென்று அவசரமாக பானெட்டைத் திறந்து, எதையோ இரண்டு தட்டுத் தட்டினான். கார் உயிர் பிழைத்தது.

ஹென்டர்சனைத் தாண்டி, மலைச்சரிவில் திராட்சைக் கொடிகள் தொடங்கும் இடத்தில் 'கதிர் எஸ்டேட்' என்று பலகை. 1996 அக்டோபர், நியூசிலாந்தில் வசந்தம். கொடிகள் அப்போதுதான் துளிர்விட்டிருந்தன. காலையில் மழை, பிறகு வெயில், இப்போது மறுபடி மழை.

இந்தக் கதையில் பொறாமைப்படாத ஜீவன் ஒன்று உண்டென்றால் அது அந்த கார்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வாசலில் மாலினி காத்திருந்தாள். முப்பத்திரண்டு வயது, ரப்பர் பூட்ஸ், தூங்காத கண்கள். எஸ்டேட்டின் ஒயின் தயாரிப்பாளர் அவள்தான். பிரான்சின் வடக்கே இரண்டு அறுவடைக் காலம் வேலை பார்த்துவிட்டு வந்தவள். அங்கே வெள்ளை ஒயினை மரப் பீப்பாய்க்கே காட்டாமல் செய்யும் ஊர்கள் இருக்கின்றன. அதே மாதிரி இங்கேயும் செய்வேன் என்று பிடிவாதம் பிடித்து, தன் முதல் ஒயினை ஒரு ஸ்டீல் டாங்கில் வைத்திருந்தாள். இருப்பது அந்த ஒரு டாங்க்தான்.

"இண்டைக்கு மத்தியானம் லண்டன்ல இருந்து பென்ரோஸ் எண்டு ஒருத்தர் வாறார். வாங்கிறதா இல்லையா எண்டு குடிச்சுப் பார்த்து முடிவெடுப்பார்" என்றாள். "நேற்றுப் பின்னேரம் நான் குடிச்சுப் பார்த்தன். மர வாசம்!"

"ஒயின்ல மர வாசனை நல்லதுதானே? கடையில அதுக்குத்தான் கூடுதல் விலை போடறான்" என்றான் கோகுல்.

"பால் பாயாசத்தில ஆரோ மிளகாய்த்தூள் போட்டால், மிளகாய்த்தூளும் நல்லதுதானே எண்டு சொல்லுவீங்களோ?"

சுரேகாவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

"கடைசியா எப்ப சுத்தமா இருந்தது?"

"ஆயுத பூசை அண்டு காலமை. குழாயில பிடிச்சுக் குடிச்சனான். பச்சை ஆப்பிள், எலுமிச்சை, மழை விழுந்த கல்லு மாதிரி ஒரு வாசம். அவ்வளவு சுத்தம். மத்தியானம் பூசை. அப்பா எல்லா மெஷினுக்கும் திருநீறு பூசினவர். போத்தலில் அடைக்கிற நாள் வரைக்கும் ஒருத்தரும் டாங்கைத் திறக்கக் கூடாதெண்டு சொல்லிப்போட்டார். ஒருத்தரும் திறக்கேல்ல. நேற்றுப் பார்த்தால் வாயெல்லாம் தச்சுப் பட்டறை."

"அந்தக் குழாய் வழியா எதையாவது உள்ள செலுத்த முடியுமா?" கோகுலுக்குள் இருந்த இன்ஜினியர் விழித்துக்கொண்டார்.

"அதுக்குள்ள பென்சில்கூடப் போகாது. போட்டால் மேல் மூடியாலதான் போடோணும். ஆனால் மூடியில அப்பா பூசின திருநீறு கலையாமல் அப்பிடியே இருக்கு."

"யார் மேல சந்தேகம்?"

மாலினி முற்றத்தைக் கைகாட்டினாள். அங்கே ஒரு யூட், பின்பக்கம் திறந்த சிறு சரக்கு வண்டி, நின்றது. அதன் பின்பக்கத்தில் ஒருவன் மெத்தையை ஏற்றிக்கொண்டிருந்தான். "என்ர அண்ணன் திவாகர். நேற்று ராத்திரி வீட்டை விட்டுப் போகச் சொல்லிப்போட்டன். அவன்தான் செய்தவனெண்டால் போகட்டும். இல்லையெண்டால், இண்டைக்கே எனக்குத் தெரியோணும். அவன் நகரத்தின்ர மறுகோடியில, தகனினியில வீடு பார்த்திட்டான்."

ஒயின் ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம். லண்டன்காரர் வருவதற்குள் இரண்டில் ஒன்றையாவது காப்பாற்ற வேண்டும்.

திவாகர் மெத்தையை விடவில்லை. கையில் கயிறு, முகத்தில் கடுப்பு.

"ஓம், எனக்குப் பொறாமைதான். எழுதிக்கொள்ளுங்கோ" என்றான். "பதினைஞ்சு வருஷமா போத்தலைக் காவிக்கொண்டு ரெஸ்டாரண்ட் ரெஸ்டாரண்டா நான்தான் ஏறி இறங்கினன். அவள் பிரான்சுக்குப் போய் வந்தாள். வந்த மறுமாதம் பேப்பரில அவள்ர படம். நான் பக்கத்திலதான் நிண்டனான், வெட்டிப்போட்டாங்கள். படத்தில என்ர முழங்கை மட்டும் இருக்கு."

"அதனால டாங்க்ல கை வச்சீங்களா?" என்றாள் சுரேகா.

"வைக்கேல்ல. நம்பாட்டி விடுங்கோ. என்ர தங்கச்சியே நம்பேல்ல."

"முழங்கை மட்டும் வந்தாலும் படம் படம்தான் சார்" என்றான் கோகுல். "என் பேரு ஒரு கார்டுலகூட இல்ல."

திவாகர் முதல்முறையாகக் கொஞ்சம் சிரித்தான். பிறகு யூட்டில் இருந்த சில்லிபின்னை, அந்த ஐஸ் பெட்டியை, யாரும் தொட்டுவிடக் கூடாதென்பது போல உள்ளே தள்ளிவைத்துத் தார்ப்பாயால் மூடினான். சுரேகா அதைக் கவனித்தாள்.

எஸ்டேட்டின் முதலாளி கதிர்காமநாதன் பீப்பாய் அறையில் இருந்தார். எழுபதை நெருங்கும் மனிதர், நெற்றியில் பளிச்சென்று மூன்று கோடு. இருபது வருடங்களுக்கு முன் குரோஷியாவின் டால்மேஷியாவிலிருந்து வந்து குடியேறிய ஒரு கிழட்டுத் தம்பதியிடம் இந்த இடத்தை வாங்கி, அவர்களிடமே தொழிலையும் கற்றவர். அவர் செய்வதெல்லாம் ஓக் பீப்பாய் ஒயின். அறை முழுக்க அந்த வாசனை அடித்தது. ஒரு மூலையில் உடைந்த பீப்பாய்ப் பலகைகளைச் சீவிப்போட்ட குவியல்.

"துப்பறியிறதுக்கு இதில என்ன கிடக்கு?" என்றார். "ஒயின் கெட்டுப்போகேல்லையே! கொஞ்சம் மரம் பிடிச்சிட்டுது. என்ர பீப்பாயில ஊத்தி, என்ர லேபிளை ஒட்டி வித்துப்போடலாம். இதுக்குப் போய் அண்ணனும் தங்கச்சியும் சண்டை."

"பையனை வீட்டை விட்டு அனுப்பறாங்க. நீங்க தடுக்கலையா?"

"பிள்ளையள் வளந்திட்டினம். நான் சொன்னால் ஆர் கேக்கினம்?"

"அன்னிக்கு டாங்க் மேல ஏறித் திருநீறு பூசினது?"

"நான்தான்!" கிழவருக்குக் குரல் ஏறியது. "இந்த வயசில ஏணியில ஏறி, எல்லாத்துக்கும் நானே பூசினனான். வேற ஒருத்தரையும் ஏற விடேல்ல. பூசையெண்டால் வீட்டுத் தலைவன்தான் செய்யோணும்."

சுரேகா நன்றி சொல்லிவிட்டு டாங்க் கொட்டகைக்கு நடந்தாள். ஏணி சாய்த்துவைத்த இடத்திலேயே இருந்தது. அவள் ஏறினாள். கோகுல் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, தனக்கு உயரம் ஒத்துக்கொள்ளாது என்று கேட்காமலே விளக்கம் சொன்னான்.

வட்ட மூடி, அதை இறுக்கும் வளையம். மூடியும் வளையமும் சேரும் இடத்தில் குறுக்கே மூன்று கோடு, நடுவில் சந்தனம், குங்குமம். எங்கும் விரிசல் இல்லை. சுரேகா கொஞ்ச நேரம் பார்த்தாள். இறங்கினாள். கொட்டகையில் இருந்த பம்ப்பைப் பார்த்தாள், திராட்சை பிழியும் பிரஸ்ஸைப் பார்த்தாள், ஃபோர்க்லிஃப்ட்டைப் பார்த்தாள். எல்லாவற்றிலும் மூன்று கோடு. மறுபடி ஏணியில் ஏறினாள்.

"மேடம், எதையாவது மறந்துட்டீங்களா?"

"கோகுல், நீ திருநீறு எப்படிப் பூசுவ?"

"எங்க வீட்ல நாமம் மேடம். நாங்க செங்குத்து, அவங்க படுக்கை. எதுக்குக் கேக்கறீங்க?"

"நம்ம காருக்கு இந்த வருஷம் ஆயுத பூஜை போட்டியா?"

"நீங்க எலுமிச்சம்பழம் வாங்கவே காசு தரல."

"அதான் வழியில நின்னுடுச்சு. போய் எல்லாரையும் கார்கிட்ட கூப்பிடு."

மழை விட்டிருந்தது. கோகுல் பழைய துணியால் காரைத் துடைத்தான். மாலினி, திவாகர், கதிர்காமநாதன் வந்தார்கள். கூடவே மாலினியின் கணவன் செல்வராஜும் வந்தான். மலேசியாவின் ஈப்போ நகரில் பிறந்தவன், ஆக்லாந்தின் ஆல்பனி பகுதியில் கம்ப்யூட்டர் வேலை. மாமனார் வீட்டிலேயே குடியிருந்தான். திவாகர் வாய்க்கு வாய் சொல்லும் 'வீட்டோட மாப்பிள்ளை' இவன்தான்.

"எனக்கு ஒரு உதவி" என்றாள் சுரேகா. "கார் அடிக்கடி மக்கர் பண்ணுது. உங்க பூஜைத் திருநீறு இருந்தா ஆளுக்கு ஒரு இடத்துல பூசி விடுங்க. திரும்பிப் போறப்ப நடுரோட்ல நிக்காம இருக்கும்."

"லண்டன்ல இருந்து ஆள் வாற நேரம் இது தேவையோ?" என்றாள் மாலினி.

"அவசியம் தேவை."

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்றைக் கேட்டு மாலினி உள்ளே போய் தட்டை எடுத்துவந்தாள். ஈரத்தில் குழைத்த திருநீறு. முதலில் அவளே பானெட்டில் மூன்று விரலை வைத்து ஒரே இழுப்பு இழுத்தாள். திவாகர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே டிக்கியில் ஒரே இழுப்பு இழுத்தான். கதிர்காமநாதன் முன்கதவில் பூசினார். அதே மூன்று விரல், அதே ஒரே இழுப்பு.

தட்டு செல்வராஜிடம் வந்தது. "நான் சர்ச்சுக்குப் போறவன் லா" என்றான், மலேசியப் பேச்சின் இழுப்போடு.

"காருக்கு மதம் கிடையாது. பூசுங்க."

அவன் ஆள்காட்டி விரலைத் தட்டில் தொட்டுப் பின்கதவில் ஒரு கோடு போட்டான். மறுபடி தொட்டு இரண்டாவது கோடு. மறுபடி தொட்டு மூன்றாவது. பள்ளிக்கூடத்தில் கோடு போட்ட நோட்டு இல்லாமல் எழுதுகிற பிள்ளை போல, கவனமாக. முதல் கோடு நீளம், இரண்டாவது கட்டை, மூன்றாவது சரிந்திருந்தது.

"கோகுல், ஏணியில ஏறி டாங்க் மூடியைப் பாரு."

"எனக்கு உயரம்..."

"ஏறு!"

அவன் எதிரே இருந்த கொட்டகைக்குப் போய் ஏறினான். மேலிருந்து குரல் வந்தது. "மேடம்! இங்கயும் பின்கதவு மாதிரியே இருக்கு! ஒண்ணு நீளம், ஒண்ணு கட்டை, ஒண்ணு சரிவு!"

செல்வராஜ் தன் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"பிறந்ததிலிருந்து பூசறவங்க கோடுகளைப் பத்தி யோசிக்கிறதே இல்ல" என்றாள் சுரேகா. "மூணு விரல், ஒரே இழுப்பு, முடிஞ்சது. வேடிக்கை மட்டும் பார்த்தவங்களுக்குத்தான் அது மூணு தனித்தனிக் கோடு. பம்ப்லயும் பிரஸ்லயும் இருக்கறது பெரியவர் கை. டாங்க் மூடியில இருக்கறது உங்க விரல் செல்வராஜ். பூஜைக்கு அப்புறம் மூடியைத் திறந்தீங்க, கோடு கலைஞ்சது, நீங்களே வரைஞ்சு வச்சீங்க."

மாலினி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்களா?"

"ஏன் செய்யமாட்டார்?" திவாகர் வெடித்தான். "ராவும் பகலும் அந்த டாங்கோடதானே நீ குடும்பம் நடத்திறாய்! எந்த மனுசனுக்குத்தான் எரியாது? என்னைத் துரத்திப்போட்டு நல்லாப் பார்த்துக்கொண்டு நிண்டவர்!"

"ஆமா, எரிஞ்சது" என்றான் செல்வராஜ். முகம் வெளுத்திருந்தது. "அவ வீட்டுக்கு வந்தா டாங்க் பேச்சு, தூக்கத்துல டாங்க் பேச்சு. எரியத்தான் செஞ்சது. மூடியைத் திறந்ததும் நான்தான். ஆனா நான் உள்ள எதையும் போடல மாலினி. வெளிய எடுத்தேன்."

அவன் தன் காருக்குப் போனான். டிக்கியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துவந்து மாலினியின் காலடியில் வைத்தான். உள்ளே ஈரத் துணி மூட்டை. அவள் முடிச்சை அவிழ்த்தாள். ஓக் மரச் சீவல்கள் ஊறி உப்பிக் கிடந்தன.

"மறுநாள் நீங்க எல்லாரும் கோயிலுக்குப் போனப்ப எடுத்தேன். சர்ச்சுக்காரன் நான் ஒருத்தன்தானே வீட்டுல இருந்தேன்? அதுக்குள்ள லேட் ஆயிருச்சு."

"உள்ள மூட்டை இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் சுரேகா.

அவன் தரையைப் பார்த்தான்.

"சரி, நான் சொல்றேன். காலையில மாலினி குடிச்சப்ப ஒயின் சுத்தம். மத்தியானம் மூடி மேல திருநீறு. மறுநாள் செல்வராஜ் திறக்கறப்ப மூட்டை உள்ள இருக்கு. அப்படின்னா காலைக்கும் பூஜைக்கும் நடுவுல யாரோ மேல ஏறியிருக்கணும். அன்னிக்கு ஏணியில ஏறினது ஒரே ஒருத்தர். வேற யாரையும் ஏற விடலைன்னு அவரே பெருமையா எங்கிட்ட சொன்னார். ஒரு கையில தட்டு, மடியில மூட்டை. உள்ள இறக்கினார், மூடினார், மேல திருநீறு பூசினார், யாரும் திறக்கக் கூடாதுன்னு சொன்னார். அதுக்கு மேல பெரிய பூட்டு இந்த வீட்ல கிடையாது."

ஏணியில் பாதி இறங்கியிருந்த கோகுல் அங்கேயே நின்றுவிட்டான்.

"மூட்டையோட ஏறினதைப் பார்த்தேன். வெறும் தட்டோட இறங்கினார்" என்றான் செல்வராஜ் மெல்ல. "எப்படி லா சொல்றது? உனக்கு அவர்தான் சாமி. அதோட..." திவாகரைப் பார்த்தான். "வீட்டோட மாப்பிள்ளைன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பீங்க. ஒரு நாள் நீங்க பேச்சு வாங்கறதப் பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. அது என் தப்பு."

மாலினி அப்பாவின் முன்னால் போய் நின்றாள்.

"பொறாமைதான், பிள்ளை" என்றார் கதிர்காமநாதன். "இருபது வருஷமா இந்த மண்ணில நான் செய்யாத ஒயினோ? ஒருத்தன் வந்து படம் எடுத்தவனோ? உன்ர படம் வந்த பேப்பரில என்ர பெயர்கூடப் போடேல்ல. 'மாலினியின் தந்தை' எண்டு போட்டிருந்தாங்கள். என்ர பீப்பாய் வாசம் உன்ர ஒயினிலயும் கொஞ்சம் இருந்தால், அதுவும் என்ர ஒயின்தானே எண்டு நினைச்சன்."

"அண்ணனைப் போகச் சொன்னன். நீங்கள் பார்த்துக்கொண்டு இருந்தீங்கள் அப்பா."

அவர் தலைகுனிந்தார்.

அந்த நேரம் பார்த்து ஒரு வாடகைக் கார் மேடேறி வந்தது. பென்ரோஸ், சிவந்த முகமும் குடையுமாக இறங்கினார். மாலினி கண்களைத் துடைத்துக்கொண்டு கை குலுக்கினாள். வீட்டுக்குள் கூட்டிப்போய், டாங்கிலிருந்து பிடித்த ஒயினை ஒரு கிளாஸில் ஊற்றினாள். ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள்: "இது என் அப்பா செய்த ஒயின்."

கிழவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது, அதுவும் மகளின் வாயால். பென்ரோஸ் முகர்ந்தார், குடித்தார், கொஞ்சம் யோசித்தார். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்த மாதிரி ஒயின் எங்கள் ஊர்க் கடைகளில் நூறு இருக்கிறது என்று மரியாதையாகச் சொல்லி, பாதிக் கிளாஸை மேசையில் வைத்தார். நீங்கள் சொன்ன மரம் படாத ஒயின் எங்கே என்று மாலினியைக் கேட்டார்.

"அது..." என்றாள் மாலினி.

சுரேகா திவாகரைப் பார்த்தாள். "அந்த சில்லிபின்ல என்ன சார் இருக்கு?"

திவாகருக்குக் காது சிவந்தது. வெளியே போய் ஒரு போத்தலோடு வந்தான். லேபிள் இல்லாத போத்தல், விளிம்புவரை நிரப்பி அடைத்திருந்தது.

"பூசை அண்டு காலமை, நீ குடிச்சிட்டுப் போன பிறகு குழாயில பிடிச்சனான்" என்றான் தங்கையிடம். "என்ர ரெஸ்டாரண்டுக்காரருக்குக் காட்டுவம் எண்டு. பிறகு மனசு வரேல்ல. காட்டினால் எல்லாரும் உன்னைத்தானே புகழுவினம்! அதுதான் ஒளிச்சு வச்சனான்."

"இதை ஏன் அண்ணா நேற்றே தரேல்ல?"

"நீ என்னைக் கள்ளன் எண்டு சொன்னனி."

மாலினி அவன் கையைப் பிடித்தாள். "மன்னிச்சுக்கொள் அண்ணா. மெத்தையை இறக்கு." அதற்குப் பிறகுதான் அவள் போத்தலைத் திறந்தாள்.

பென்ரோஸ் இரண்டாவது கிளாஸை முகர்ந்து குடித்தார். மறுபடி குடித்தார். இந்த வருடம் இதுதான் மிச்சமா, சரி, அடுத்த அறுவடையில் ஒரு துளிகூட வேறு யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள் என்றார்.

"மேடம், நம்ம கார்டுல..." என்று கோகுல் காதோரம் ஆரம்பித்தான்.

"போட்டுக்கலாம். சும்மா இரு."

போத்தலில் இன்னும் ஒரு கிளாஸ் அளவு இருந்தது. மாலினி அதை ஊற்றி வாசற்படிக்கு எடுத்துப்போனாள். மேசையில் பென்ரோஸ் மிச்சம் வைத்த பாதிக் கிளாஸையும் மறு கையில் எடுத்துக்கொண்டாள்.

"ரெண்டையும் குடியுங்கோ அப்பா. குடிச்சிட்டுச் சொல்லுங்கோ."

கதிர்காமநாதன் முதலில் தன்னுடையதைக் குடித்தார். பிறகு மகளுடையதை. வாயில் வைத்துக்கொண்டே வெகுநேரம் வெளியே கொடிகளைப் பார்த்தார். விழுங்கியபோது அவர் கண்கள் நிறைந்திருந்தன.

"உன்ரதான் பிள்ளை" என்றார்.

தமிழ் தெரியாத பென்ரோஸ், பெரியவர் என்ன சொல்கிறார் என்று திவாகரிடம் கேட்டார்.

"என் தங்கையின் ஒயின்தான் நல்லது என்கிறார்" என்றான் திவாகர் ஆங்கிலத்தில்.

"நானும் அதைத்தானே சொன்னேன்" என்று பென்ரோஸ் தன் கிளாஸை உயர்த்தினார்.